பென்சிலில் வரைந்த கம்ப்யூட்டர்

நீங்கள் எங்களை ஏமாற்றினீர்கள் சார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கணபதியில் உங்கள் வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினீர்கள். நாங்கள் கம்ப்யூட்டர் படிக்க வந்தோம். நீங்கள் எங்கள் கையில் பென்சிலைக் கொடுத்தீர்கள்.

இந்தப் பகிரங்கக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அவிநாசிப் பக்கம் பிறந்தவள். காரமடையில் வாக்கப்பட்டவள். கட்டியவனோடு இருக்க முடியாமல் வெளியே வந்தவள். ஏன் முடியவில்லை என்பதை ஊரே பேசித் தீர்த்துவிட்டது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வரும்போது என் மகளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். கணபதியில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரமே காரமடையிலிருந்து ஆட்கள் வந்து குழந்தையைக் கூட்டிப்போய்விட்டார்கள். அண்ணன் வாசலில் நின்று வழியனுப்பி வைத்தார்.

பிறகு கோயில் மண்டபத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். நான் தூணோரம் நின்றேன். காரமடைப் பெரியவர் ஒருவர்தான் தீர்ப்புச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

“இங்க பாரு அம்மணி. நீ அண்ணன் ஊட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கறவ. கொளந்தையக் கூட்டிட்டுப் போயி எங்க வெப்பே? ஒரு வேல, ஒரு ஊடுன்னு தனியா நின்னு காட்டு. அடுத்த வருசம் பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள நின்னுட்டீன்னா கொளந்தைய நீயே கூட்டிக்க. இல்லீனா அது அப்பன் ஊட்டுலயே படிக்கட்டும். நல்ல பேச்சுத்தானே?”

“நல்ல பேச்சுதானுங்க” என்றார் அண்ணன். என்னை யாரும் கேட்கவில்லை.

நான் அப்போது பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலையெல்லாம் கத்தரியால் நறுக்குகிற வேலை. அதை அவர்கள் வேலைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாளைக்கு ஆர்டர் இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதெல்லாம் ஒரு வேலையா என்றார்கள். ஆபீஸ் வேலை வேண்டும், நாற்காலியில் உட்காருகிற வேலை.

அந்தச் சமயத்தில்தான் மின்கம்பத்தில் உங்கள் நோட்டீசைப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் புத்தகம், பத்திரிகை, கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் எழுத்தடித்துப் பக்கம் அமைக்கிற டி.டி.பி. படிப்பு. படித்து முடித்தால் அச்சகங்களில் உடனடி வேலை. பெண்களுக்குத் தனி வகுப்பு. நான் பனியன் கம்பெனியை விட்டேன். என் மகளை அந்த நோட்டீசை நம்பித்தான் பணயம் வைத்தேன் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது எனக்குப் படிப்பாகத் தெரிந்தது.

உங்கள் மாடியில் இரண்டு அறைகள். உள் அறையில் ஏசி, கண்ணாடிக் கதவு, ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு உங்கள் வீட்டம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். வெளி அறையில் பெஞ்சுகள், நாங்கள், சுவரில் ஒரு பெரிய சார்ட். செருப்பைப் படிக்கட்டிலேயே விட வேண்டும். அந்த சார்ட்டில் கம்ப்யூட்டர் திரை வரைந்திருந்தது. யாரோ எந்தப் புத்தகத்தையோ பார்த்து ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தது. அதைத்தான் நாங்கள் படித்தோம்.

மேலே ஒரு பட்டை, அதில் மென்பொருளின் பெயர். அதற்குக் கீழே மெனு வரிசை. அதற்குக் கீழே ஓர் அளவுகோல், இடது ஓரத்தில் ஓர் அளவுகோல். நடுவில் வெள்ளைக் காகிதம் போல ஒரு பக்கம். வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி. அதற்குப் பெயர் டூல்பாக்ஸ். அம்புக்குறி, கோடு, எழுத்து, கட்டம், வட்டம் என்று அதற்குள் சிறு சிறு அறைகள். கீழே இடது ஓரத்தில் பக்கங்களின் எண்கள், சின்னச் சின்னச் சீட்டுகளாக. இவ்வளவையும் ஸ்கேல் வைத்து, மில்லிமீட்டர் பிசகாமல், ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும். கலர் பென்சில் தீட்ட வேண்டும். நீங்கள் பார்த்து ‘குட்’ போடுவீர்கள்.

“ஸ்கிரீன மனசுல ஏத்திக்கங்க அம்மணி. மனசுல ஏறிப்போச்சுன்னா மெஷின் தானா வந்துரும்.”

நாங்கள் ஏற்றிக்கொண்டோம். மெனு வரிசையை இடமிருந்து வலமாக, வாய்ப்பாடு மாதிரிச் சேர்ந்து சொன்னோம். ஃபைல், எடிட், லேஅவுட், டைப், எலிமெண்ட், விண்டோ. ஒவ்வொன்றுக்குள்ளும் என்னென்ன இருக்கிறது என்று மேலிருந்து கீழே சொன்னோம். விண்டோ மட்டும் சொல்லவில்லை. “அது கடேசி மெனுங்க, அது நமக்குத் தேவப்படாதுங்க” என்றீர்கள். மௌஸ் பழகுவதற்கு ஆளுக்கொரு சோப்பு டப்பாவை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னீர்கள். பெஞ்சின் மேல் சோப்பு டப்பாவை நகர்த்திவிட்டு வாயால் “கிளிக்” என்று சொன்னோம். நான் முப்பது வயதுக்காரி சார். ஒரு குழந்தை பெற்றவள். சோப்பு டப்பாவை நகர்த்திவிட்டு “கிளிக், கிளிக்” என்று சொன்னேன்.

பிராக்டிக்கல் என்று ஒரு நாள் வரும். வரிசையில் நின்று ஒவ்வொருவராக உள்ளே போவோம். நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள், நாங்கள் பின்னால் நின்று பார்ப்போம். ஒருத்தி ஆன் செய்வாள், இன்னொருத்தி ஆஃப் செய்வாள். மென்பொருளைத் திறந்ததே இல்லை. ஏசிக் காற்று பட்டதே பெரிய விஷயமாக இருந்தது.

ஒருவரும் உங்களைச் சந்தேகிக்கவில்லை. காரணம் உங்கள் வாய். எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று வெளியூரில் சொல்வார்கள். உண்மைதான். திட்டினாலும் ‘ங்க’ போட்டுத் திட்டுவோம். கழுத்தை அறுக்க வேண்டி வந்தாலும் ‘கொஞ்சம் அக்கட்டால திரும்புங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் அறுப்போம். நீங்கள் அதில் தேர்ந்தவர். என்னைக் கட்டியவன் ஒரு நாளும் என்னை மனுஷியாக மதித்துக் கூப்பிட்டதில்லை. நீங்கள் ‘வாங்க அம்மணி, உக்காருங்க அம்மணி’ என்றீர்கள். அந்த ‘ங்க’வுக்காகவே நான் உங்களைப் பெரிய படிப்பாளி என்று நம்பிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அண்ணன் மனைவி காத்திருப்பார். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். அவரும் மரியாதையானவர்தான்.

“வாங்க. இன்னைக்கு என்ன படமுங்க வரஞ்சீங்க?”

“திரை, நங்கை. முழுத் திரையும்.”

“நெம்ப அழகா இருக்குதுங்க. கலரெல்லாம் கொடுத்து. இத மாட்டி வெச்சா சோறு பொங்கீருமுங்களா?”

நோட்டை மூடிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன். அவர் கேட்டதில் தப்பில்லை.

ஆயுத பூஜை அன்றைக்குத்தான் அந்த மென்பொருளை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். நாங்களெல்லாம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தோம். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, மானிட்டரின் நான்கு மூலையிலும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தீர்கள். பொரியும் கடலையும் கீபோர்டுக்குப் பக்கத்தில் தட்டில் இருந்தன. அழகுக்காக மெஷினை ஓடவிட்டிருந்தீர்கள். திரையில் அந்த மென்பொருள் திறந்திருந்தது. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். டூல்பாக்ஸ் இடது பக்கத்தில் இருந்தது.

பிசிறு வெட்டிப் பழகிய கண், எதையும் உற்றுத்தான் பார்க்கும்.

“ஏனுங்க சார், டூல்பாக்ஸ் எடப்பக்கம் இருக்குதுங்களே. நம்ம படத்துல வலப்பக்கந்தானுங்க?”

நீங்கள் தீபாராதனைத் தட்டோடு நின்றிருந்தீர்கள். திரையைப் பார்த்தீர்கள், சார்ட்டைப் பார்த்தீர்கள்.

“யாரோ தெரியாம தள்ளிப்போட்டாங்க அம்மணி. நம்ம படந்தான் கரெக்ட்டு.”

“அப்ப அத நகத்தி வெக்கலாமுங்களா?”

“பூஜ அன்னிக்கு ஆயுதத்தத் தொடக்கூடாதுங்க. தீபத்த எடுத்துக்கங்க.”

தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கம்ப்யூட்டர் தவறு, படம்தான் சரி என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் வாயில் கசக்கிறது.

மே மாதம் வந்தது. சர்டிபிகேட்டும் வந்தது. ஒப்பணக்காரத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஓர் அச்சகத்துக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே இருந்த ஆபரேட்டர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அவள் இடத்துக்கு ஆள் தேடினார்கள். அச்சக முதலாளி ஒரு முஸ்லிம். எல்லாரும் அவரை பாய் என்றார்கள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான். இந்த நாற்காலி கிடைத்தால் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துவிடலாம், மகளைக் கூட்டிவந்துவிடலாம். பஸ்ஸில் வரும்போதே அறைக்குள் எதை எங்கே வைப்பது என்று யோசித்து முடித்துவிட்டேன்.

பாய் சர்டிபிகேட்டைப் பார்க்கவே இல்லை.

“அதெல்லாம் இருக்கட்டும்மா. ஒக்காருங்க. ஒரு கல்யாணப் பத்திரிகை உள்ள அடிச்சு வெச்சிருக்கு. மாப்பிள்ளை பேரக் கொஞ்சம் பெருசு பண்ணி, சுத்தி ஒரு கட்டம் போட்டு, ஒரு பிரிண்ட் எடுங்க. அவ்வளவுதான்.”

உட்கார்ந்தேன். மேலே பட்டை இருந்தது. மெனு வரிசை இருந்தது. நடுவில் பக்கம் இருந்தது. வலது மேல் மூலையில் டூல்பாக்ஸ் இல்லை. இடது பக்கம் பார்த்தேன். அங்கும் இல்லை. கீழே பார்த்தேன். எங்குமே இல்லை. பக்கத்தைச் சுற்றியிருந்த வெள்ளை இடத்தில் ‘உற்றார் உறவினருடன்’ என்ற வரி தனியாக ஒரு மூலையில் கிடந்தது. அது ஏன் பக்கத்துக்கு வெளியே கிடக்கிறது என்றும் புரியவில்லை. எங்கள் படத்தில் பக்கத்துக்கு வெளியே எதுவும் இருக்காது, நாங்கள் அங்கே வெளிர்நீலம் தீட்டுவோம். மௌஸைப் பிடித்தேன். அம்பு என் பேச்சைக் கேட்காமல் ஓடியது. சோப்பு டப்பா இப்படி ஓடாது.

வேர்த்துப்போய், தைரியமாகத்தான் சொன்னேன்.

“ஏனுங்க, இந்த மெஷின் ரிப்பேருங்க. டூல்பாக்ஸ் விழுந்துபோச்சுங்க.”

பின்னால் நின்ற ஆபரேட்டர் பெண் சிரித்துவிட்டாள்.

“எங்கீங்க்கா விழுந்துது? கீழ தேடிப் பாக்கட்டுங்களா?”

பாய் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

“மெஷின்ல ஒக்காந்து வேலை பாத்து எவ்வளவு நாளாச்சும்மா?”

“இப்பத்தானுங்க ஒக்காந்திருக்கேன்” என்றேன்.

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்தினாள். குனிந்து, என் கைக்கு மேலாகக் கையை நீட்டி, விண்டோ மெனுவைத் திறந்தாள். உள்ளே டூல்பாக்ஸ் என்று எழுதியிருந்தது. அதைத் தொட்டதும் பெட்டி வந்தது. “எடத்த அடைக்குதுன்னு நாந்தான் மூடி வெச்சிருந்தேன்க்கா. பாருங்க, இப்புடித் தள்ளலாம், இப்புடி மூடலாம், வேணும்னா மறுக்கா வரும்.” பெட்டியைப் பிடித்துத் திரை முழுவதும் இழுத்துக் காட்டினாள். வலது மூலை, இடது மூலை, நடு. அது எங்கே வைத்தாலும் உட்கார்ந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பெட்டி நகருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனை மாதம் அதை மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே மூலையில் வரைந்தேன்!

வேலை வேறொருவருக்குப் போனது. போகத்தான் வேண்டும். பாய் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஜூன் பிறந்ததும் காரமடைக்குப் போனேன். பெரியவர் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும், அதுதான் முறை. மோர் கொடுத்தார்கள்.

“வேல கெடச்சுதா அம்மணி?”

“இல்லீங்க. இன்னுங் கொஞ்ச நாள்ல...”

“படிச்சியாமே, கம்ப்யூட்டரெல்லாம்?”

“ஆமாங்க.”

“படிச்சும் கெடைக்கலீன்னா பொறவு எப்புடிக் கெடைக்கும்? செரி, உடு. இந்த வருசமுங் கொளந்த இங்கயே இருக்கட்டும், அடுத்த வருசத்துக்குள்ள நின்னு காட்டு. நாங்க என்ன, கொளந்தையக் கொடும பண்றவிகளா?”

என் மகள் புதுச் சீருடையில் நின்றாள். தலையை யாரோ இழுத்து வாரி, எண்ணெய் வழியப் பின்னியிருந்தார்கள். இந்தக் கோடு எடுக்கிற பக்கம் தப்பு, இவளுக்கு இடது பக்கம் சுழி இருக்கிறது என்று சொல்ல வந்தது. மோர் டம்ளரை வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். எனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். அப்படித்தான் சார் நினைத்தேன். உங்கள் மேல் கோபம் அன்றைக்கு வரவில்லை. அது மறுவாரம் வந்தது.

மறுவாரம் உங்கள் மாடிக்கு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? வெளி அறையில் புதுப் பெண்கள் பெஞ்சில் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றாமல் வந்தேன். நீங்கள் அதைப் பார்த்தும், “வாங்க அம்மணி, நல்லாருக்கீங்களா? வேல ஆச்சுங்களா?” என்றீர்கள்.

“டூல்பாக்ஸ் எடம் மாறும்னு ஏனுங்க சொல்லல?”

“அவிய வேற வெர்ஷன் வெச்சிருப்பாங்க. நீங்க அட்வான்ஸ்டு கோர்ஸ் சேந்துக்கங்க, அதுல வருதுங்க.”

“மெஷினப் போடுங்க.”

போட்டீர்கள். அந்த அளவுக்கு நீங்கள் நல்லவர். மென்பொருள் திறந்தது. உங்கள் வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்தார். ஆபரேட்டர் பெண் காட்டியது எனக்கு அந்த ஒன்றுதான், மூடுவதும் திறப்பதும். டூல்பாக்ஸின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தைத் தொட்டேன். பெட்டி மறைந்தது.

“இப்பக் கொண்டாங்க பாக்கலாம்.”

நீங்கள் திரையைப் பார்த்தீர்கள்.

“என்னுங்க அம்மணி பண்ணிப்போட்டீங்க?”

“மூடுனேனுங்க. நீங்க தொறங்க.”

பின்பக்கம் போய் ஒயரை அழுத்திப் பார்த்தீர்கள். மௌஸைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தீர்கள். மெஷினை அணைத்துப் போட்டீர்கள். திரும்ப வந்தபோதும் பெட்டி இல்லை. உங்கள் நெற்றியில் ஏசியிலும் வேர்வை நின்றது.

“லோ வோல்டேஜுங்க. இன்னிக்கு மெஷின் செரியில்ல.”

நான் விண்டோ மெனுவைத் திறந்தேன். நமக்குத் தேவைப்படாது என்று நீங்கள் சொன்ன அதே கடைசி மெனு. பெட்டியை வரவழைத்தேன். உங்கள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் எழுதமாட்டேன். உங்களுக்கே தெரியும். “காபி ஆறுதுங்க அம்மணி” என்றீர்கள். அதற்குப் பிறகு குரலைத் தணித்து, “வெளிய சொல்ல வேண்டாமுங்க. பொட்டப்புள்ளைக படிக்கற எடம், பேரு கெட்டுப்போயிரும்” என்றீர்கள்.

யார் பேர்? எங்கள் பேரா, உங்கள் பேரா?

வெளி அறைக்கு வந்து அந்தப் பெண்களிடம் சொன்னேன். இவருக்கு ஒன்றும் தெரியாது, இந்தப் படம் பொய், எழுந்து போங்கள் என்று கத்தினேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும், “அக்கா, உங்க காலுகிட்ட ரப்பர் கெடக்குதுங்க, கொஞ்சம் தள்ளுங்க” என்றாள்.

மறுபடி பாயிடம்தான் போனேன். ஆபரேட்டர் வேலை கேட்கவில்லை, எந்த வேலையானாலும் போதும் என்றேன். அச்சடித்து வரும் தாள்களை மடித்து வரிசையாக அடுக்குகிற வேலை கொடுத்தார். மத்தியானம் புது ஆபரேட்டர் சாப்பிடப் போகிற நேரத்தில் மெஷினில் உட்காரலாமா என்று கேட்டேன். “முடிஞ்ச வேலையத் தொடாதீங்க. தனியா ஒரு பக்கம் தொறந்து என்ன வேணாப் பண்ணுங்க. ஒடையாது” என்றார்.

‘உடையாது.’ இந்த ஒரு சொல்லை நீங்கள் எங்களிடம் ஒரு நாளாவது சொன்னீர்களா?

எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முதலில் எல்லாவற்றையும் மூடினேன். டூல்பாக்ஸ், அளவுகோல், எல்லாம். வெறும் பக்கம் மட்டும் நின்றது. பிறகு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். வந்தன. அப்போதுதான் பிடிபட்டது. திரை என்பது படம் இல்லை. அது வெட்டு மேசை மாதிரி. பனியன் கம்பெனியில் என் மேசையில் கத்தரி வலது கைப்பக்கம் இருக்கும். இடதுகைக்காரி ஒருத்தி இருந்தாள், அவள் கத்தரி இடது பக்கம் இருக்கும். கத்தரி எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று யாராவது படம் வரைந்து மனப்பாடம் செய்வார்களா? கைக்கு எங்கே வேண்டுமோ அங்கே வைப்போம். இது எனக்கு முன்பே தெரிந்த விஷயம் சார். பனியன் கம்பெனியில் கற்றதை உங்கள் மாடியில் மறந்தேன்.

நடுவில் இருப்பது காகிதம். அதைச் சுற்றி நாங்கள் வெளிர்நீலம் தீட்டிய இடம் மேசை. இப்போது வேண்டாத வரியை, பிறகு வைக்கப்போகிற படத்தை மேசையில் போட்டு வைக்கலாம். மேசையில் கிடப்பது அச்சில் வராது. ‘உற்றார் உறவினருடன்’ ஏன் வெளியே கிடந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தப் பெண் அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்யாமல் மேசையில் போட்டிருந்தாள், அவ்வளவுதான். கீழே இருக்கிற சீட்டுகளில் எண் உள்ளவை பக்கங்கள். எண் இல்லாத ஒரு சீட்டு இருக்கிறது. அதில் ஒரு கோடு போட்டால் புத்தகத்தின் எல்லாப் பக்கத்திலும் அந்தக் கோடு வரும். நீங்கள் அந்தச் சீட்டுக்கு மஞ்சள் தீட்டச் சொன்னீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, “பாக்க நல்லாருக்குமுங்க” என்றீர்கள்.

மெனுக்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எழுத்து பற்றிய காரியம் எழுத்து மெனுவில் இருக்கும், முழுக் கோப்பு பற்றியது ஃபைலில் இருக்கும், எது தெரிய வேண்டும் எது மறைய வேண்டும் என்பது விண்டோவில் இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரிந்தால் எங்கே தேடுவது என்றும் தெரிந்துவிடும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மத்தியானம் போதும். நீங்கள் ஒரு வருடம் எடுத்துக்கொண்டு சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த மே மாதம் பாய் என்னை மெஷினில் உட்கார வைத்தார். ஜூனில் அறை எடுத்தேன். காரமடைப் பெரியவர் சொன்ன சொல் தவறவில்லை, அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். குழந்தையை அனுப்பினார்கள். பஸ் நிலையத்துக்குப் போய் நின்றேன். என் மகள் இறங்கினாள். பக்கத்தில் வந்து நின்று, கையை நீட்டாமல், “வாங்க” என்றாள்.

விருந்தாளியைக் கூப்பிடுகிற ‘வாங்க’. என்னை ‘வா, போ’ என்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை. அறைக்கு வந்து, “நான் எங்கீங்க உக்காரட்டும்?” என்று கேட்டாள். எத்தனையோ ‘ங்க’ கேட்டிருக்கிறேன், அது மாதிரி ஒன்று என்னைக் குத்தியதில்லை. அவள் என்னை மறுபடி ‘வா’ என்று சொல்ல ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. அந்த ஒரு வருடத்தில் அவளுக்கு முன்பல் விழுந்து முளைத்திருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். அம்மை போட்டிருக்கிறது. எதையும் நான் பார்க்கவில்லை.

முந்தாநாள் பாய் ஒரு வேலை கொடுத்தார். உங்களுக்குப் பாராட்டு விழாவாம். இப்போது உங்களுக்கு நாலு கிளைகளாம். இந்த வட்டாரத்துப் பெண்களுக்குக் கணினிக் கல்வி தந்த முன்னோடி என்று உங்களைப் போட்டு, அழைப்பிதழுக்குப் பக்கம் அமைக்க என்னிடமே வந்தது. அமைத்துக் கொடுத்துவிட்டேன். உங்கள் பெயரைப் பெரிதாக்கி நடுவில் வைத்தேன், சுற்றிலும் கட்டம் போட்டேன். வேலை என்றால் வேலை. அதில் நான் குறை வைக்கவில்லை.

என் மகள் அதை மேசையில் பார்த்துவிட்டு, “இவருதான் உனக்குச் சொல்லிக் கொடுத்தாராம்மா?” என்று கேட்டாள். அவளிடம் நான் இத்தனை நாளாக, ‘அம்மா பரீட்சையில் பெயிலாகிவிட்டேன், அதனால்தான் அந்த வருடம் உன்னைக் கூட்டிவர முடியவில்லை’ என்று சொல்லி வைத்திருந்தேன். அம்மாவுக்கு மண்டையில் ஏறவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் ஏன் அந்தப் பழியைச் சுமக்க வேண்டும்? சொல்லிக் கொடுக்காத பாடத்தில் யாராவது பெயிலாக முடியுமா?

விழாவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். முன்வரிசையில் உட்காருவோம். பொன்னாடை போர்த்திய பிறகு நீங்கள் ஏற்புரை பேசுவீர்கள். அப்போது நான் எழுந்து நின்று இரண்டு கேள்வி கேட்பேன். இப்போதே எழுதிவிடுகிறேன், யோசித்துக்கொண்டு வாருங்கள். எங்களைச் சேர்த்துக்கொண்ட அன்றைக்கு, அந்த மெஷினில் ஒரே ஒரு பக்கமாவது நீங்கள் உங்கள் கையால் அமைத்திருந்தீர்களா? உங்களுக்குத் தெரியாது என்று நான் காட்டிய பிறகும், வெளி அறையில் இருந்த அந்தப் பெண்களிடம் ஏன் சொல்லவில்லை?

காபி வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். ‘ங்க’ போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, மைக்கிலேயே, அத்தனை பேர் முன்னாலும், என் மகள் காதில் விழுகிற மாதிரி பதில் சொல்லுங்கள்.